ஒரு சைஸ் பெரிசு

என் மகள் மிதுளா பனியில் ஒருமுறைகூட விழுந்ததில்லை. இரண்டு வருடமாக, வாரத்துக்கு நான்கு வகுப்பு. அவள் மட்டுமல்ல. எங்கள் கூடத்தில் சறுக்கும் முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் விழுந்ததில்லை. அவர்கள் விழாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கூடம் பீளமேட்டில் இருக்கிறது. முன்பு ஃபவுண்டரியாக இருந்த கட்டடம். இரும்பு உருக்கிய இடத்தில் இப்போது ஐஸ் உறைகிறது.

பிப்ரவரி முதல் அக்டோபர் வரை பிள்ளைகளை வெயிலில் விடக்கூடாது என்று சட்டம் வந்து பதினோரு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு பிறந்தவர்கள் டைல்ஸ் தரையில் நடை பழகியவர்கள். மேடும் பள்ளமும் அவர்களுடைய பாதத்துக்குத் தெரியாது. ஏழு வயதில் ஒற்றைக் காலில் ஐந்து விநாடி நிற்க வரவில்லை. சட்டைப் பொத்தான் போட வரவில்லை. எழுத்து கோணியது. மருத்துவர்கள் பல வழிகளைப் பார்த்துவிட்டுக் கடைசியில் பனிச்சறுக்கைச் சொன்னார்கள். காலுக்கடியில் இருப்பது காலணியில் பொருத்திய ஒரு கத்தியின் அகலம்தான். உடம்பு ஒவ்வொரு கணமும் தன் நடுவைத் தேடியாக வேண்டும். கணுக்கால், இடுப்பு, கண் மூன்றும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். அது வந்துவிட்டால் பென்சில் பிடியும் கூடவே வருகிறது. சோதித்தார்கள். உண்மைதான். ஐந்து வயது முதல் எட்டு வயது வரை எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயமாக்கினார்கள்.

பெற்றோர் அனுப்பவில்லை. ஐஸில் விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். அதனால்தான் தாங்கி வந்தது.

தாங்கி என்பது சில பட்டைகள். ஒன்று காலணிக்குள்ளே கணுக்காலை ஒட்டி இருக்கும். உடம்பு சாயப்போவதை விநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கு முன்னால் அது கண்டுபிடிக்கும். தொடையிலும் இடுப்பிலும் தோளிலும் கட்டிய பட்டைகள் தசையை மெல்லச் சுண்டும். பிள்ளை நிமிர்ந்துவிடும். அதற்கு எதுவும் தெரியாது. தானே நின்றதாக நினைத்துக்கொள்ளும்.

நான் உடலியக்கம் படித்தவன். தாங்கிக்கு விதிகள் எழுதுவதும் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளைச் சோதிப்பதும் என் வேலை. சோதனையின்போது தாங்கி இருக்காது. ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். பந்து பிடிக்க வேண்டும். குறுகிய வாய் பாட்டிலில் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். மதிப்பெண்கள் வருடத்துக்கு வருடம் ஏறின. போன வருடம் ஒரு பெரிய ஏற்றம் இருந்தது. அது என்னுடைய விதியால் வந்தது. உடம்பு சாயும்போது பிள்ளைகள் கையை வீசுகிறார்கள், வீசுவதால் இன்னும் சாய்கிறார்கள். தோள்பட்டைகள் கையை அடக்கிவைத்தால் சமநிலை சீக்கிரம் வருகிறது. நான் எழுதியது ஏழு வரிகள்.

அதை எழுதியபோது என் மனைவி சஷ்டிகா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மழை, ஸ்கூட்டர், மேம்பால இறக்கம். இப்போது பதினாறு மாதம்.

ஒரு வியாழக்கிழமை நேத்ராவின் அம்மா ஜீவிதா கூடத்துக்கு வந்தார். நேத்ரா மிதுளாவின் வகுப்பு. முதல் வரிசையில் சறுக்குகிறவள். பள்ளிக்கூடத்தில் ஒரு படி தடுக்கி விழுந்திருக்கிறாள். ஒரே ஒரு படி. முன்பல் இரண்டும் போய்விட்டன, முளைத்து நான்கு மாதமான பற்கள். தாடையில் ஆறு தையல். ஜீவிதா சண்டைக்கு வரவில்லை. அவருக்கு ஒன்று புரியவில்லை, அதைக் கேட்க வந்திருந்தார்.

"டீச்சர் பாத்துட்டுத்தான் இருந்தாங்களாமுங்க. புள்ள கைய நீட்டவே இல்லைங்கறாங்க. மரம் சாயற மாதிரி அப்படியே சாஞ்சாளாம். ஏனுங்க, விழுந்தா யாரா இருந்தாலும் கைய ஊனத்தானே செய்வாங்க?"

எங்கள் மேலாளர் ரேணுகாதேவி அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தார். நடந்தது எங்கள் ஐஸில் இல்லை, அப்போது தாங்கியும் இல்லை என்று பக்குவமாகச் சொன்னார். ஜீவிதா மோரைக் குடித்துவிட்டுப் போனார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் மெத்தையைத் தரையில் போட்டேன். மிதுளாவை அதன் ஓரத்தில் நிறுத்திக் கண்ணை மூடச் சொன்னேன். பின்னால் இருந்து தோளில் மெல்லத் தட்டினேன்.

அவள் முகம் குப்புற விழுந்தாள். இரண்டு கையும் தொடையோடு ஒட்டியிருந்தன. கண்கூட இறுகவில்லை. மெத்தையில் மூக்கு அமுங்கிய பிறகு திரும்பிச் சிரித்தாள்.

"இன்னொரு தடவைப்பா."

ஐந்து தடவை செய்தேன். ஐந்து தடவையும் பலகை மாதிரி விழுந்தாள். யாரோ பிடிக்கப்போகிறார்கள் என்று அவள் உடம்பு காத்திருந்தது. அதைக் காத்திருக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஏழு வரிகளில்.

நாங்கள் நிற்பதை அளந்தோம், பந்து பிடிப்பதை அளந்தோம், புளியங்கொட்டையை எண்ணினோம். விழுவதை யாரும் அளக்கவில்லை. விழாத பிள்ளைகளிடம் அதை ஏன் அளக்க வேண்டும்?

இந்தப் பழக்கங்கள் எட்டு வயதோடு உறைந்துவிடும் என்று நான் கல்லூரியில் படித்திருக்கிறேன். அதற்குப் பிறகு மாற்றுவது மிகக் கடினம். மிதுளாவுக்கு ஏழு வயது ஐந்து மாதம்.

எங்கள் பயிற்சியாளர் அங்மோவிடம் மட்டும் சொன்னேன். அவள் லடாக்கிலிருந்து வந்து ஆறு வருடம் ஆகிறது. தமிழை இங்கேதான் கற்றுக்கொண்டாள். அதனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இந்த ஊர் மரியாதையில் 'ங்' போட்டுத்தான் பேசுவாள். உடை மாற்றும் அறையில் ஜிம் மெத்தையைப் போட்டு மெத்தை விளையாட்டு என்று பிள்ளைகளைக் கூப்பிட்டாள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து குறித்துக்கொண்டேன். அறுபது பிள்ளைகளில் ஐம்பத்திரண்டு பேர் பலகை மாதிரி விழுந்தார்கள். எட்டுப் பேர் கையை ஊன்றினார்கள்.

அந்த எட்டுப் பேருக்குள் என்ன ஒற்றுமை என்று தேடினேன். வயது, எடை, பள்ளி, எதுவும் பொருந்தவில்லை. எட்டுப் பேரும் மதிப்பெண்ணில் கீழே இருந்தார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

அங்மோ பட்டியலை வாங்கிப் பார்த்தாள். "இவங்கெல்லாம் என்னோட கடேசி வரிசைப் புள்ளைங்க. டொப்பு டொப்புன்னு விழுவாங்க." பிறகு அலமாரியிலிருந்து ஒரு காலணியை எடுத்து என் முன்னால் கவிழ்த்தாள். முன் முனையிலிருந்து ஒரு பழைய சாக்ஸ் உருண்டை விழுந்தது. இன்னொன்றிலிருந்து கிழிந்த பனியன் துணி.

கூடம் பட்டைகளை மட்டும்தான் கொடுக்கும். காலணியைப் பெற்றோர் வாங்க வேண்டும். விலை அதிகம். வளர்கிற பிள்ளை, இரண்டு வருடம் வர வேண்டும் என்று ஒரு சைஸ், இரண்டு சைஸ் பெரிதாக வாங்கி முனையில் துணி அடைத்து அனுப்பிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் பட்டை கணுக்காலை ஒட்டாது. சாய்வது அதற்குத் தாமதமாகத் தெரியும். கையை அடக்குவதற்குள் பிள்ளை விழுந்திருக்கும். விழுந்து விழுந்து கையை ஊன்றக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

சஷ்டிகாவும் எல்லாவற்றையும் பெரிதாகத்தான் வாங்குவாள். பாவாடையா, செருப்பா, எதுவானாலும். நான் கேலி செய்வேன். அவள் போன பிறகு மிதுளாவின் பாதத்தை மாதத்துக்கு ஒருமுறை காகிதத்தில் வைத்து வரைந்து, மில்லிமீட்டர் கணக்கில் அளந்து காலணி மாற்றினேன். என்னால் ஒழுங்காகச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

அங்மோ சாக்ஸை மறுபடி உள்ளே திணித்தாள். "எங்கூர்ல மொத வாரம் ஸ்கேட்டிங்கே கிடையாதுங். விழறது மட்டுந்தானுங். எப்படி விழறது, எப்படி எந்திரிக்கறது. இங்க வந்தப்ப அந்த வாரத்தை எடுத்துட்டாங்க."

"ஏன் அப்பவே சொல்லலை?"

"போன வருசம் சொன்னனுங்களே. உங்ககிட்டத்தான். கேட்டுட்டுத்தான் இருந்தீங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "மூஞ்சி மட்டும் இங்க இருந்துச்சுங்."

மறுநாள் ரேணுகாதேவியிடம் குறிப்புகளைக் கொடுத்தேன். அவர் முழுவதும் படித்தார். அவர் கெட்டவர் இல்லை. சஷ்டிகா இறந்தபோது இரண்டு மாதம் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர்.

"கைய நீட்டறதில்லை. அவ்வளவுதானே? அடுத்த மாடல்ல தாங்கியே கைய நீட்டிவிட்டுடும். ஜூன்ல வருது. நல்ல வேளை, இப்பவே கண்டுபுடிச்சீங்க."

பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் தாங்கி இல்லையே என்றேன்.

"ஏன் இல்லாம? நாள் பூரா போட்டுக்கட்டும். சட்டைக்குள்ள போட்டா தெரியவா போகுது? நானே அதைப் பத்தி மேல பேசணும்னு இருந்தேன். உங்க நோட்டு அதுக்கு ரொம்ப உதவும்."

அதுவரையாவது என் ஏழு வரிகளை நீக்கிவிடலாம் என்றேன். மே மாதத்தில் அரசு மதிப்பீடு இருக்கிறது, மதிப்பெண் இறங்கினால் முந்நூறு பிள்ளைகளுக்கும் கூடமே இருக்காது, மறுபடி டைல்ஸ் தரைதான் என்றார். அதுவும் பொய் இல்லை. பிறகு ஒரு பட்டியலை என் பக்கம் தள்ளினார். காலணி பொருந்தாத பிள்ளைகள் நாற்பத்தொரு பேர். அவர்களுக்குச் சரியான அளவில் தாங்கி செய்யும் நிறுவனமே இலவசமாகக் கொடுக்கப்போகிறது. நான் அளந்து கையெழுத்துப் போட வேண்டும்.

"மிதுளா மொதல் வரிசைல எவ்வளவு அழகா சறுக்கறா. அதைப் பாருங்க நிதர்சன்" என்றார்.

நாற்பத்தொரு பேருக்கும் இப்போதிருக்கும் பெரிய காலணியே 'அளவு சரி' என்று பொய்யாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை சோதனையின்போது பெற்றோர் ஒவ்வொருவராக வருவார்கள். மதிப்பெண்ணைச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொண்டேன். அடுத்த ஷூ எடுக்கும்போது ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள், வளர்கிற பிள்ளை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு தாத்தா, கவர்மெண்டு ஆளுக்கே இப்பத்தான் புத்தி வந்திருக்கிறது என்று பேத்தியிடம் சொன்னார். சிலர் மறுநாளே போய் மாற்றினார்கள்.

மிதுளாவுக்கு இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினேன். ஹெல்மெட், தாடைக்காப்பு, முழங்கைப் பட்டை எல்லாம் போட்டேன். முதல் நாள் பதினான்கு தடவை விழுந்தாள். முதல் தடவை அவளுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. ஐஸில் படுத்தபடி சுற்றிலும் பார்த்தாள். யார் தன்னைத் தள்ளினார்கள் என்று தேடினாள். கை தொடையோடு ஒட்டித்தான் இருந்தது.

இரண்டாவது வாரம் மூன்றாம் வரிசைக்கு மாற்றினார்கள். மூன்றாவது வாரம் கடைசி வரிசை. வண்டியில் வரும்போது பேச மாட்டாள். ஒருநாள் வீட்டு வாசலில் சறுக்குக் காலணியைப் பையிலிருந்து எடுத்து அதன் முனையிலிருந்த துணியை இழுத்து எடுத்தாள்.

"இது பெரிசுப்பா. நீ தப்பா வாங்கிட்டே."

"தெரியும்."

"தெரிஞ்சே வாங்குனியா?"

ஆமாம் என்றேன். ஏன் என்று சொன்னேன். மெத்தையில் விழுந்த விளையாட்டையும் நேத்ராவின் பல்லையும் சொன்னேன். ஏழு வயதுக்கு அது காரணமாகவே படவில்லை. அவள் முதல் வரிசையில் இருந்தாள், இப்போது இல்லை. அவளுக்கு அவ்வளவுதான். துணியை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

நான்காவது வாரம் ஆதிரை என்கிற பெண் ஐஸில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். என் பேச்சைக் கேட்டு மறுநாளே காலணியை மாற்றியவர்களில் அவள் அப்பா பழனிக்குமாரும் ஒருவர். கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். மருத்துவமனை வராந்தாவில் கையில் கிரீஸ் கறையோடு நின்றிருந்தார். பாப்பா கையை ஊன்றியிருக்கிறாள், அதனால் கையோடு போயிற்று, இல்லாவிட்டால் முகம் என்று மருத்துவர் சொன்னாராம். அதை நல்ல செய்தியாகத்தான் என்னிடம் சொன்னார். நான் வந்ததற்கு நன்றிகூடச் சொன்னார்.

"ஷூ பெரிசா இருந்ததால வழுக்கிருச்சுன்னு இவ அம்மா சொல்றா. நீங்க சொல்லித்தானே எடுத்தோமுங்க. நீங்க தப்பாவா சொல்லுவீங்க."

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விதி, கை, சாக்ஸ் உருண்டை, கையெழுத்து. உள்ளே ஆதிரைக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் நர்ஸிடம் பச்சைக் கலர் கட்டு கேட்பது எங்களுக்குக் கேட்டது.

"அன்னிக்கே இதைச் சொல்லியிருக்கலாமுங்க" என்றார் பழனிக்குமார். "நானே தாங்கியக் கழட்டியிருப்பேன். இல்ல, பயந்துட்டுக் கழட்டாமயும் இருந்திருப்பேன். எதுவா இருந்தாலும் அது நான் பண்ணுனதா இருந்திருக்கும்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் மகளைப் பார்க்க உள்ளே போனார்.

அடுத்த சனிக்கிழமை சோதனை நடத்தவில்லை. பெற்றோரை மொத்தமாக உட்காரவைத்து மைக்கில் சொன்னேன். அங்மோ மெத்தையைப் போட்டு ஆறு பிள்ளைகளை விழவைத்துக் காட்டினாள். நான்காவது பிள்ளை விழும்போது கூட்டத்தில் பேச்சு நின்றது. ஒருவர் எழுந்து, தாங்கி வேண்டுமா வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றார். எனக்குத் தெரியவில்லை என்றேன். தாங்கி இருந்தால் நன்றாக நிற்பார்கள், ஆனால் விழத் தெரியாது. தாங்கி இல்லாவிட்டால் அடிபடும், ஆனால் மெதுவாக இரண்டும் வரும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கடைசியில் ஜீவிதா கேட்டார். நேத்ரா அவர் மடியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கை அசையக் கூடாதுன்னு எழுதுனது யாருங்க?"

"நான்தாங்க."

அவர் நேத்ராவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். போகும்போது பட்டைகளை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அன்று தாங்கியைக் கழற்றியவர்கள் அறுபது பேர் இருக்கலாம். மற்றவர்கள் கழற்றவில்லை. திங்கட்கிழமை ரேணுகாதேவி என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஜூன் மாடல் மார்ச்சிலேயே வருகிறது என்றும் சொன்னார்.

எனக்கு வேலை போன பிறகு மிதுளாவுக்குக் கூடமும் இல்லை. பள்ளி வேறு கூடத்தில் இடம் கேட்டு எழுதியிருந்தது. அதுவரை வெறும் தரை. அவள் என் மேல் கோபமாக இருந்தாள். காலையில் ஆறேகாலுக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால், பள்ளிக்கு நடந்துபோவோம். எனக்கு முன்னால் ஆறடி தள்ளித்தான் நடப்பாள். கூப்பிட்டால் வேகம் கூடும்.

அந்தப் புதன்கிழமையும் அப்படித்தான். வழியில் குடிநீர்க் குழாய்க்காகச் சாலையைத் தோண்டி, ஜல்லி கொட்டியிருந்தார்கள். மெதுவாகப் போ என்றேன். அவள் ஓடினாள். ஹெல்மெட் இல்லை, தாடைக்காப்பு இல்லை. கால் ஒரு கல்லில் தட்டியது.

ஆறடி தூரம். நான் பிடித்திருக்க முடியாது.

இரண்டு கையும் முன்னால் போயின. நான் பார்த்தேன். விரல்கள் விரிந்து, முழங்கை மடங்கி, தோள் கொஞ்சம் திரும்பி. ஜல்லியில் உள்ளங்கை உரசும் சத்தம் கேட்டது. முகம் தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது.

ஓடிப்போய்ப் பக்கத்தில் மண்டியிட்டேன். அவள் எழுந்து உட்கார்ந்து உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். தோல் உரிந்து, சிறு கற்கள் ஒட்டி, ரத்தம் மெல்லக் கசிந்தது. அழலாமா வேண்டாமா என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தாள்.

என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் உதடு கோணியது.

"ஏம்ப்பா சிரிக்கறே? வலிக்குது."

ரத்தக் கையால் என் தோளில் ஓங்கி அடித்தாள். பிறகு அதே தோளில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தாள். பள்ளி மணி அடித்தது. நாங்கள் எழுந்திருக்கவில்லை.